ஜெயித்தது ஊமைப்படம், தோற்றது பேசும்படம்

46 நிமிடம் ஓடும் ஒரு வீடியோ என் கணினியில் கிடக்கிறது. மான்ஸ்டர் ஹண்டர் 4 அல்டிமேட் என்ற வீடியோ கேம், ராட்சத மிருகங்களை வேட்டையாடுவது. ஒரு வேட்டைக்கு 50 நிமிடம் கெடு, மூன்று முறை மயங்கி விழுந்தால் கதை முடிந்தது. இரண்டு முறை விழுந்து, மருந்தெல்லாம் தீர்ந்து, கெடு முடிய 4 நிமிடம் இருக்கும்போது ராஜாங் என்ற ராட்சதக் குரங்கைச் சாய்த்தேன். முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை பதிவாகியிருக்கிறது. ஒரு பொட்டுச் சத்தம்கூட இல்லை.

சத்தம் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிட்டது என்று கேட்கலாம். நான் பிடித்திருப்பது வாள் அல்ல, ஹன்டிங் ஹார்ன். ஆள் உயர ஊதுகொம்பு. அதை வைத்தேதான் அடிக்கவும் வேண்டும். ஒவ்வொரு அடியும் ஒரு சுரம். சுரங்களைச் சரியான வரிசையில் சேர்த்து ஊதினால் பாட்டாகி, கூட வந்தவர்களுக்கெல்லாம் பலம் ஏறும். சத்தமில்லாமல் பார்த்தால், கொம்பு முளைத்த ஒரு குரங்குக்கு முன்னால் எவனோ உலக்கையைத் தூக்கிக்கொண்டு ஆடுகிற மாதிரி இருக்கிறது.

என் கன்சோல் நியூ 3டிஎஸ் எக்ஸ்எல், மேலும் கீழுமாக இரண்டு திரை உள்ள நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவி. அதன் இணையச் சேவை 2024 ஏப்ரலில் நின்றுபோனது. அதுவரை கூட வேட்டைக்கு வந்துகொண்டிருந்த நண்பன், "நீ தனியா ராஜாங்க அடிச்சியா? சும்மா அளக்காதே, காட்டு" என்றான். காட்டுவது எப்படி? இந்தக் கன்சோலில் டிவிக்கோ மானிட்டருக்கோ வயர் போகிற துளையே கிடையாது. போனை மேலே நிறுத்திப் படம் பிடித்தேன். பாதி நேரம் என் கட்டைவிரல்தான் தெரிந்தது. கன்சோலைப் பிரித்து, திரைப் படத்தைக் கணினிக்கு அனுப்பும் கேப்சர் போர்டை உள்ளே சால்டர் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஸ்க்ரூ திருகும்போதே கை நடுங்கும். மிச்சம் வைஃபை.

என்டிஆர் என்று ஒரு மென்பொருள், கன்சோலின் திரையை வைஃபை வழியாகக் கணினிக்கு அனுப்பும். கஸ்டம் ஃபர்ம்வேர், அதாவது நிண்டெண்டோ தராத, மற்றவர்கள் மாற்றிய உள்மென்பொருள் ஏற்றிய கன்சோலில்தான் ஓடும். அதை ஏற்றுவதா வேண்டாமா என்பது அவரவர் துணிச்சல். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. இதற்கு 'நியூ' வகைக் கன்சோல்தான் வேண்டும். காரணம் எளிது. பழைய 3டிஎஸ்ஸின் பிராசசரில் 2 கோர், 268 மெகாஹெர்ட்ஸ். புதியதில் 4 கோர், 804 வரை. விளையாட்டு தின்றது போக மிஞ்சுகிற பலத்தில், என்டிஆர் திரையில் வரும் ஒவ்வொரு ஃபிரேமையும் ஜேபெக் படமாகச் சுருக்கி வைஃபையில் வீசுகிறது. கணினியில் ஸ்னிக்கர்ஸ்ட்ரீம் மாதிரி ஒரு வியூவர் அதைப் பிடித்து விரிக்கிறது. முதல் நாள் ஒன்றுமே வரவில்லை. கணினியின் ஃபயர்வால் உள்ளே விடாமல் தடுத்திருந்தது, அனுமதி கொடுத்ததும் வந்தது.

ஏன் சுருக்க வேண்டும் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேல் திரை 400க்கு 240 பிக்சல். பிக்சலுக்கு 3 பைட் என்றால் ஒரு ஃபிரேம் 2,88,000 பைட். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் கிட்டத்தட்ட 138 மெகாபிட். கன்சோலில் இருப்பதோ பழைய 802.11ஜி வைஃபை. காகிதத்திலேயே 54 மெகாபிட்தான், கைக்கு வருவது அதில் பாதிகூட இருக்காது. இந்த லட்சணத்தில் நான் ஜேபெக் தரத்தை 90இல் வைத்துவிட்டு, "படம் ஏன் இடறுகிறது" என்று இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். 60க்கு இறக்கியதும் ஓடத் தொடங்கியது. கீழ்த் திரையில் வரைபடமும் பொருள்களும்தான் இருக்கின்றன, அது எப்போதாவது வந்தால் போதும் என்று மேல் திரைக்கு முன்னுரிமை கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் சீரானது.

ஆனால் இந்தத் திருகலையெல்லாம்விடப் பெரிய வித்தியாசம் ஒரு லேன் கேபிளால் வந்தது. என் கணினியும் வைஃபையில் இருந்தது. அப்படியானால் ஒரே படம் இரண்டு தடவை காற்றில் போகிறது: கன்சோலிலிருந்து ரவுட்டருக்கு ஒரு தடவை, ரவுட்டரிலிருந்து கணினிக்கு இன்னொரு தடவை. ஏற்கெனவே ஒடுங்கிய சந்து. அதில் போகிற வண்டியும் வருகிற வண்டியும். கணினியைக் கேபிளில் செருகியதும் பாதி நெரிசல் போய்விட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தவிர வேறு அலைவரிசை இந்தக் கன்சோலுக்குத் தெரியாது என்பதால், போனையும் மற்றதையும் ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் துரத்திவிட்டேன். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது பதிவு செய்யாதீர்கள். பட்டுத் தெரிந்துகொண்டது.

ஆர்வக்கோளாறில், வியூவர் என்னதான் செய்கிறது என்று பார்க்க பைத்தானில் நானே ஒரு சின்ன நிரல் எழுதினேன். படம் யுடிபி என்ற அனுப்பும் முறையில் சின்னச் சின்ன பாக்கெட்டாக வருகிறது. ஒவ்வொன்றின் தலையிலும் 4 பைட், இது எந்த ஃபிரேம், எந்தத் திரை, எத்தனையாவது துண்டு என்று சொல்ல. துண்டுகளைச் சேர்த்தால் ஒரு ஜேபெக். ஒரு துண்டு தொலைந்தாலும் அந்த ஃபிரேமையே தூக்கிப் போட வேண்டியதுதான், திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்கிற வழக்கம் யுடிபியில் இல்லை. சேர்த்து முடித்து முதல் படத்தைத் திறந்தால், என் வேட்டைக்காரன் சுவரில் ஒட்டிய பல்லி மாதிரிப் படுக்கைவாட்டில் நிற்கிறான்! நிரலில் பிழை என்று ஒரு மணி நேரம் தேடினேன். பிழை இல்லை. 3டிஎஸ் திரைகள் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்தப்பட்டவை, நினைவகத்திலேயே படம் படுத்துத்தான் கிடக்கிறது. வியூவர்கள் சத்தமில்லாமல் அதை நிமிர்த்திக் காட்டுகின்றன.

ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளில் வியூவரின் ஜன்னலைப் பிடித்து, மேல் திரையை மூன்று மடங்கு (1200க்கு 720), பக்கத்தில் கீழ்த் திரையை இரண்டு மடங்கு (640க்கு 480) வைத்தேன். ஸ்கேல் ஃபில்டரிங்கில், பிக்சலை அப்படியே பெரிதாக்கும் பாயின்ட் என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் எல்லாம் குழைந்துபோகும். பதிவு எம்கேவியில். எம்பி4இல் பதியும்போது நடுவில் கரண்ட் போனால் மொத்தக் கோப்பும் போய்விடலாம்.

இனி சத்தம். என்டிஆர் அனுப்புவது படத்தை மட்டும். இதை நான் ராஜாங்கைக் கொன்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆக, வயரே இல்லாமல் பதிவு செய்கிறேன் என்று கிளம்பியவன், கன்சோலின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் லைன் இன்னுக்கு ஒரு வயர் இழுத்தேன். செருகியதும் கன்சோலின் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும், நமக்கும் கேட்க வேண்டுமே, அதற்கு ஒரு ஸ்ப்ளிட்டர். உடனே 'ஙொய்ங்' என்று ஒரு ரீங்காரம், கொம்புக்குச் சுருதி போடுகிற மாதிரி. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றது. செருகினால் திரும்ப வந்தது. கிரவுண்ட் லூப் என்பார்கள். ஆக, பேட்டரியில் மட்டும்தான் ஆட வேண்டும். ஸ்ட்ரீமிங் போகும்போது பேட்டரி வழக்கத்தைவிட வேகமாகக் கரைகிறது.

இன்னொன்று: சத்தம் வயரில் உடனே வந்துவிடுகிறது, படம் காற்றில் ஆடி அசைந்து வருகிறது. கொம்பு முழங்கிய பிறகுதான் கை ஓங்குகிறான். மெனுவில் கர்சரை நகர்த்தும்போது 'டிக்' என்று ஒரு ஒலி வருமே, அதைப் பதிவு செய்து ஃபிரேம் எண்ணினேன். 11 ஃபிரேம் தாமதம், சுமார் 183 மில்லிசெகண்ட். ஓபிஎஸ்ஸில் சத்தத்தைப் பிந்த வைக்கும் சிங்க் ஆஃப்செட்டில் 180 போட்டதும் கையும் ஓசையும் சேர்ந்தன. அங்கங்கே படம் கொஞ்சம் பிந்துகிறது, என் காதுக்கு அது போதும். ஆடும்போது மட்டும் மானிட்டரைப் பார்க்காதீர்கள், கையிலிருக்கும் திரையைத்தான் பார்க்க வேண்டும். அந்த 11 ஃபிரேமுக்குள் ராஜாங் வந்து மிதித்துவிட்டுப் போய்விடும்.

எல்லாம் சரியான பிறகு திரும்ப ராஜாங்கிடம் போனேன். அதே கவசம், அதே கொம்பு. 31ஆவது நிமிடம், பேட்டரி விளக்கு சிவப்பு. அதைக் கவனித்துக்கொண்டிருந்தபோதே மூன்றாவது முறை விழுந்தேன். நண்பனுக்கு இரண்டையும் அனுப்பினேன். ஜெயித்ததை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு மூடிவிட்டானாம். தோற்றதை முழுக்கப் பார்த்திருக்கிறான். "17ஆவது நிமிஷம் தப்பான பாட்டு ஊதிட்டேடா" என்று பதில் வந்தது.

போய்ப் பார்த்தேன். ஆமாம், ஒரு சுரம் தப்பு.