மானைத் துரத்துன நாய்க்கு கழுத்துல காலர் இருந்துச்சு

முயல் வேட்டை சீசனோட கடைசி வாரம், பனி பெஞ்சு ரெண்டு நாள் வெயிலடிச்சு திரும்ப இறுகிப்போயிருந்த காலைல நடந்தது இது. ஓடைப் பக்கமா போயிட்டு இருக்கேன், மேட்டுல இருந்து ஒரு பெண் மான் இறங்கி ஓடி வருது, ஓடுதுன்னு கூட சொல்ல முடியாது, ஒவ்வொரு அடிக்கும் காலு பனிக்குள்ள முட்டி வரைக்கும் போகுது, பின்னாடியே ரெண்டு நாய், ஒண்ணு கறுப்பு ஒண்ணு பழுப்பு. நாய்ங்க பனி மேல சும்மா தார் ரோட்டுல ஓடற மாதிரி ஓடுதுங்க. நாய் வெயிட்டு கம்மி, பாதம் அகலம், இறுகுன பனி அத தாங்கிடும். மானோட குளம்பு கத்தி மாதிரி கீழ இறங்கிடும், சினையா வேற இருந்தா கேக்கவே வேணாம். அந்த மாதிரி நாள்ல மான் ஜெயிக்கறதுக்கு வழியே இல்ல.

கையில ஷாட்கன் இருந்துச்சு. கறுப்பு நாய் எனக்கு ஒரு நாப்பது அடி தூரத்துல கடந்து போச்சு.

சுடல. ஏன்னு கேட்டா அந்த நேரத்துல பெருசா ஒண்ணும் யோசிக்கல, கழுத்துல செவப்பு காலர் தெரிஞ்சுது, கை மேல வரல, அவ்வளவுதான். கத்துனேன், வானத்தப் பாத்து ஒரு தடவ சுட்டேன், நாய் ரெண்டும் பயந்து திரும்பிடுச்சு. மான் ஓடை தாண்டி போச்சு. அது பொழச்சுதான்னு தெரியாது, ஏன்னா துரத்தல்ல தப்பிச்ச மான் கூட ரெண்டு மூணு நாள் கழிச்சு படுத்த இடத்துல செத்துக் கிடக்கும், ஓடி ஓடி தசையே சிதைஞ்சு போய் கிட்னி வேலை செய்யாம போயிடும். கடிச்ச காயம் ஒண்ணு கூட இருக்காது.

இத வேட்டைக்காரங்க க்ரூப்புல சொன்னதும் பாதிப் பேரு சொன்னது ஒண்ணுதான்: சுடு, புதை, வாய மூடிட்டு இரு. காட்டுப் பக்கம் ரொம்ப நாளா சுத்தற பேச்சு இது. எனக்கு இதுல பிரச்சினை மூணாவது வார்த்தைதான். நீங்க செஞ்சது சரின்னா எதுக்கு வாய மூடணும்?

நாயும் பூனையும் பண்ற நாசத்த நான் கொறச்சு சொல்லப் போறதில்ல. 1987ல நியூசிலாந்துல வைத்தாங்கி காட்டுல ஒரே ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் நாய் கொஞ்ச வாரத்துல சுமார் 500 கிவி பறவைகள கொன்னுருக்கும்னு கணக்கு போட்டாங்க, அங்க மொத்தமா இருந்ததே 900 போலத்தான். எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க ரேடியோ சிக்னல் கருவி மாட்டி விட்டிருந்த 24 கிவில 13 செத்துப்போச்சு, அதனாலதான் விஷயமே வெளிய தெரிஞ்சுது, இல்லன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அந்த நாய சுட்டப்புறம்தான் சாவு நின்னுச்சு. அதனால நாய சுடவே கூடாதுன்னு நான் சொல்லல, அங்க சுட்டது சரி. ஆனா அங்க அது பறவைகள ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தவங்க சாவ கண்டுபிடிச்சப்புறம் நடந்த வேலை, தோட்டத்துப் பக்கம் போன ஒருத்தன் கோவத்துல பண்ணதில்ல.

பூனை கதை இன்னும் மோசம். அமெரிக்காவுல 2013ல வந்த ஒரு ஆய்வு, வருஷத்துக்கு 130 கோடில இருந்து 400 கோடி பறவைய பூனைங்க கொல்லுதுன்னு சொல்லுச்சு, அதுல பெரும்பங்கு வீட்டுப் பூனை இல்ல, ஓனர் இல்லாம சுத்தற பூனை. உலகம் முழுக்க 63 இனம் அழிஞ்சதுல பூனைக்கு பங்கு இருக்குன்னு 2016ல ஒரு கணக்கு வந்துச்சு. காடை, கவுதாரி மாதிரி தரைல முட்டை வைக்கற பறவைய வேட்டையாடறவனுக்கு இந்த நம்பர் எல்லாம் தேவையே இல்ல, பறவையோட கூடு கெடக்கற நெலமையப் பாத்தே அவன் சொல்லிடுவான்.

ஆனா இந்த நம்பர கையில வச்சுக்கிட்டு பூனையப் பாத்த இடத்துல சுடலாம்னு சட்டம் கேட்டா என்ன ஆகும்? அமெரிக்காவோட விஸ்கான்சின் மாநிலத்துல 2005ல கேட்டாங்க. காட்டுப்பூனையா மாறிப்போன தெருப்பூனைக்கு சட்டப் பாதுகாப்பு வேண்டாம்னு ஓட்டெடுப்பு, கலந்துக்கிட்டவங்கள்ல பெரும்பான்மை ஆமான்னு சொன்னாங்க, ஆனா நாடு பூரா கூச்சல் கெளம்பி கவர்னரே எதிர்த்தாரு, சட்டம் ஆகவே இல்ல. பறவை பத்தி யாரும் பேசல, வேட்டைக்காரன் பூனைய கொல்றவன்னு மட்டும் பேரு நின்னுச்சு. வேட்டையே புடிக்காத ஜனங்க மத்தியிலதான் நாம லைசென்ஸ் வாங்கிட்டு இருக்கோம், இத மறந்தா கஷ்டம்.

சட்டம் ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொண்ணு. அமெரிக்காவோட கொலராடோ மாநிலத்துல நாய் காட்டு விலங்க துரத்துனா ஓனருக்கு அபராதம், நாய சுடற அதிகாரம் போலீஸ், வன அதிகாரி மாதிரி ஆளுங்களுக்கு உண்டு. இங்கிலாந்துல ஆடு மாட்ட துரத்தற நாய வேற வழியில்லாம சுட்டா 1971 சட்டப்படி தப்பிக்க எடம் இருக்கு, ஆனா 48 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல சொல்லணும், அதுவும் பண்ணை விலங்குக்குத்தான், காட்டு மானுக்கு பொருந்தாது. ஜெர்மனில நெறைய மாநிலத்துல வேட்டைக்காரங்களுக்கு பூனைய சுடற உரிமை உண்டு, 2015ல நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்துல அத எடுத்துட்டாங்க. உங்க லைசென்ஸ்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்காம க்ரூப்புல எவனோ சொன்னான்னு ட்ரிக்கர்ல கை வைக்காதீங்க. அப்புறம் வேட்டையே தடையா இருக்கற நாட்டுல இந்தக் கேள்வியே கிடையாது, அது முழுக்க வனத்துறை வேலை.

சரி அப்ப என்னதான் பண்றதுன்னா, நான் பண்றத சொல்றேன்.

மொதல்ல போட்டோ. ட்ரெயில் கேமரா, அதான் விலங்கு கடந்தா தானா படம் எடுக்கற கேமரா, ஏற்கனவே மாட்டி வச்சிருக்கோம்ல, மான் கொம்ப எண்ணறதுக்கு மட்டும்தானா அது? நாய் வர்ற நேரம், எந்தப் பக்கம் இருந்து வருது, காலர் இருக்கா, இதெல்லாம் ரெண்டு வாரத்துல கெடச்சிடும். கூட்டமா சுத்தற நாய்னாலும் பாதிக்கு மேல ராத்திரி வீட்டுக்குப் போய் படுக்கற நாய்தான், என் கேமராவுல வந்தது எல்லாம் அப்படித்தான். தேதி, நேரத்தோட வனத்துறைக்கோ விலங்கு கட்டுப்பாட்டு ஆபீசுக்கோ அனுப்புனா வேலை நடக்கும், நேர்ல போய் கத்துனா நடக்காது.

பூனைக்கு கூண்டு. உயிரோட புடிக்கற கூண்டு வச்சா தெனமும் காலைல போய் பாக்கணும், வெயிலும் மழையும் படாம மூடி வைக்கணும், புடிச்சத காப்பகத்துல கொண்டு போய் ஓனர் யாருன்னு காட்டற சிப் தோலுக்கடியில இருக்கான்னு பாக்கச் சொல்லணும். இது முடியாதுன்னா கூண்டே வைக்காதீங்க. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணி புடிச்ச எடத்துலயே திரும்ப விடறாங்களே, அது நகரத்துக்கு ஓகேவா இருக்கலாம், பறவை கூடு கட்டற எடத்துல அது தீர்வே இல்ல, ஆபரேஷன் பண்ண பூனைக்கும் பல்லும் நகமும் அப்படியேதான் இருக்கு. இதச் சொன்னா பூனை பிரியர்கள் என்னைத் திட்டுவாங்க, பரவால்ல. வீட்டுப் பூனை வச்சிருக்கறவங்ககிட்ட நான் மல்லுக்கு நிக்கறதில்ல, 2021ல இங்கிலாந்துல வந்த ஆய்வ மட்டும் சொல்வேன்: கறி ஜாஸ்தி இருக்கற உணவு குடுத்தா பூனை வீட்டுக்கு கொண்டு வர்ற இரை 36 சதவீதம் கொறஞ்சுது, தெனமும் அஞ்சு பத்து நிமிஷம் கூட வெளையாடுனா 25 சதவீதம் கொறஞ்சுது. கழுத்துல மணி கட்டறது அதுல பெருசா பலன் காட்டல.

இப்ப நம்ம பக்கம். மான அறுத்து குடல அங்கயே போட்டுட்டு வர்றது யாரு? ஊருக்கு ஒட்டுன எடத்துல அப்படிப் போட்டா அந்த வாசனைக்கு வர்ற நாய் அடுத்த வாரமும் வரும், அதுக்கு வழி காட்டுனது நாமதான். அப்புறம் மோப்ப நாய கூட்டிட்டுப் போய் தொலச்சுட்டு, ஜிபிஎஸ் காலர் பேட்டரி போச்சுன்னு சாயங்காலம் வீட்டுக்குக் கெளம்பிடற ஆளுங்களையும் பாத்திருக்கேன். நாய்க்கு வெறிநாய்க்கடி ஊசியும், டிஸ்டெம்பர்ங்கற வைரஸ் நோய்க்கான ஊசியும் போடாம காட்டுக்குள்ள விடறதும் இதே கணக்குதான், 1994ல ஆப்பிரிக்காவுல செரங்கெட்டி காட்டுல டிஸ்டெம்பர் வந்து சிங்கத்துல மூணுல ஒரு பங்கு போச்சு, நோய் வந்த மூலம் சுத்துப்பட்டு கிராமத்து நாய்ங்கதான்னு சொல்றாங்க.

அந்த செவப்பு காலர் நாயோட வீட்ட கேமராவ வச்சு பத்து நாள்ல கண்டுபிடிச்சேன். ஓனர் வயசானவரு, என் நாய் அப்படிப் பண்ணாது தம்பின்னு மொதல்ல சொன்னாரு, வீடியோவ காட்டுனதும் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, மறுபடியும் ஒரு தடவ போட்டுக் காட்டச் சொன்னாரு. இப்ப அந்தப் பக்கம் போனா கறுப்பு நாய் வேலிக்குள்ள இருந்து என்னைப் பாத்து குரைக்குது. பழுப்பு நாய் யாரோடதுன்னு இன்னும் தெரியல, போன வாரம் ஓடைப் பக்க கேமராவுல ரெண்டு தடவ வந்திருக்கு.