ஓடினால் விசில்!

ஞாயிறு காலமை கொழும்பு ஹெவ்லொக் பார்க்கில நடை றகர், அதாவது நடந்து விளையாடுற ரக்பி. வயசு போன ஆக்களுக்கெண்டு வச்ச சிநேகபூர்வ விளையாட்டு. ஓடக்கூடாது, ஆளை விழுத்தக்கூடாது, பந்தை உதைக்கவும் ஏலாது. பின்னுக்குத்தான் பாஸ், அது மட்டும் பழைய சட்டம்.

கேக்க லேசு. ஆனா முன்னுக்கு வெறும் புல்லைக் கண்டவுடன கால் சொல்வழி கேக்குதில்லை. றெஃபறி விசில் அடிச்சே களைச்சுப்போனார். எங்கட பக்கத்தில ஒரு அண்ணர், முழங்காலுக்குப் பட்டி கட்டினவர், இடுப்பால ஒரு வெட்டு வெட்டி ரெண்டு பேரைத் தாண்டிப் போய், கோட்டுக்கு அங்கால பந்தை நிலத்தில வச்சு ட்றை எடுத்தார். பந்தை வைக்கக் குனிஞ்சவருக்கு நிமிர ஏலேல்லை. எதிர் ரீம்காரர்தான் தூக்கிவிட்டவை!

கொழும்பு றோயலும் கண்டி ட்ரினிட்டியும் மோதுற, 1945இல தொடங்கின பிரட்பி கேடய பள்ளிக்கூட றகர் போட்டியை வச்சு றோயல், ட்ரினிட்டி எண்டு இண்டைக்கும் வாய்ச்சண்டை பிடிக்கிற ஆக்கள் ஒரே ஜேர்சியில நிண்டதுதான் பெரிய அதிசயம். ஸ்கோர் ஒருத்தருக்கும் ஞாபகமில்லையாம் (தோத்த பக்கம் அப்பிடித்தான் சொல்லுது).

பிறகு பிளேன்டீ, மாலுபாண், கிறவுண்ட் முழுக்க நோவுக்குப் பூசின சித்தாலேப மணம். வீட்டை வந்து கதிரையில சரிய மனுசி கேக்கிறா, "நடந்ததுக்கே இப்பிடியா?" அடுத்த முறை அவவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கினம். பொம்பிளையளும் விளையாடலாமாம்.