டி போர்டும் நாரத்தங்காயும்

இத்தாலியின் கடலோர ஊரான பொசிட்டானோவில் இறங்கியதிலிருந்தே கண்ணில் பட்டது, வெள்ளை எழுத்தில் 'டி' (T) என்று மட்டும் போட்ட ஒரு கடைப் பலகை. டீக்கடைதான், சந்தேகமே இல்லை என்றேன். "இத்தாலிக்காரன் டீ குடிச்சு நீங்க பார்த்தீங்களா?" என்றாள் மனைவி. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மதியம் பக்கத்து ஊரான அமால்ஃபிக்குப் போக பஸ் பிடிக்க வேண்டும். அந்த ஊரில் தெருவைவிடப் படிதான் அதிகம். கடற்கரையிலிருந்து மூச்சிரைக்க ஏறி பஸ்ஸில் கால் வைத்தால், ஓட்டுநர் என் காசைத் தொடவே இல்லை. "தபாக்கி!" என்று கீழே கை காட்டிவிட்டு வண்டியை எடுத்துவிட்டார். பக்கத்தில் நின்ற பெண் விளக்கினார்: தபாக்கி என்றால் புகையிலைக் கடை, பஸ் டிக்கெட் அங்கே விற்பார்கள், அடையாளம் 'டி' போர்டு.

மறுபடி அத்தனை படியும் இறங்கினோம். ஷட்டர் மூடியிருந்தது. மதியச் சாப்பாடு, தூக்கம். நாலு மணிக்குத்தான் திறப்பார்களாம். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் பயம்.

நல்லவேளை, எதிரே பழக்கடை. எலுமிச்சைக் குவியலுக்கு நடுவே, சின்னப் பப்பாளி அளவில், மேலெல்லாம் கரடுமுரடாக ஒன்று. "ஐயோ, நாரத்தங்காய்!" என்றாள். அங்கே அதற்குச் செத்ரோ என்று பெயர். கடைக்காரர் அதன் தடித்த வெள்ளைச் சதையைச் சீவி, உப்புத் தூவி நீட்டினார். கசப்பே இல்லை. அதில் ஒன்றை வாங்கிய பிறகுதான் என்னோடு பேச்சுவார்த்தை தொடங்கியது.

நாலு மணிக்கு டிக்கெட், அப்புறம் மறுபடி படி, பஸ். 163ஆம் எண் சாலை. இடது பக்கம் பாறை, வலது பக்கம் ஜன்னலுக்குக் கீழே நேராகக் கடல். ஒரு வளைவில் எதிரே இன்னொரு பஸ். எங்கள் ஓட்டுநர் பஸ்ஸின் பக்கக் கண்ணாடியை மடக்கிவிட்டுப் பின்னால் எடுக்க ஆரம்பித்தார். பஸ்ஸில் பாதிப் பேர் அவருக்கு வழி சொன்னார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு குலுக்கல். பை சாய்ந்து, நாரத்தங்காய் உருண்டு போய் ஓட்டுநர் காலடியில் நின்றது. எடுத்தார், மோந்து பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. மெல்லிசாகச் சீவு, உப்புப் போடு, எண்ணெய் ஊற்று என்று கையாலேயே பாடம் நடத்தினார். என் மனைவி விடுவாளா? எழுந்து போய், வெந்தயம், மிளகாய்த் தூள், நல்லெண்ணெய், மூன்று நாள் வெயில் என்று சுத்தத் தமிழில் திருப்பிச் சொன்னாள்.

எதிர் பஸ் எப்போதோ போய்விட்டது. பின்னால் வரிசையாக ஹாரன். இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.