காயலான் கடைச் சோதனையை எதிர்த்து மனு: நியூயார்க்கில் எது நிற்கும், எது விழும்

திருட்டு உதிரி பாகம் வைத்திருந்ததாக வழக்கு விழுந்ததும் “இந்தச் சட்டமே செல்லாதுன்னு போடுங்க” என்று கேட்கும் கட்சிக்காரர்கள் அதிகம். பிரதிவாதி தரப்பில் வேலை செய்பவர்களுக்கு அந்த ஆசையைக் குறைப்பதே முதல் வேலை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வைத்திருப்பது குற்றம் என்ற பிரிவை அசைக்க முடியாது. வாதாட இடமிருப்பது அதைச் சுற்றி எழுதிய சட்டங்களில்தான். பழைய வண்டியைப் பிரிப்பவர் பதிவேடு வைக்க வேண்டும், போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும், கேட்டபோது கடையைத் திறந்துவிட வேண்டும் என்பவை அவை.

இதற்கு அடிப்படை பர்கர் என்ற கடைக்காரரின் வழக்கு. 1982 நவம்பர் 17, நண்பகல். புரூக்ளினில் ஒரு காயலான் கடைக்குள் சாதாரண உடையில் ஐந்து போலீசார் நுழைந்தார்கள். உரிமமும் பதிவேடும் கேட்டார்கள், இரண்டும் இல்லை. இந்த விதிகள் இருக்கும் நியூயார்க் போக்குவரத்துச் சட்டத்தின் 415-அ பிரிவைச் சொல்லி, வாரண்ட் இல்லாமலே வண்டிகளிலும் பாகங்களிலும் இருந்த அடையாள எண்களைக் குறித்துக் கணினியில் சரிபார்த்தார்கள். அங்கே கிடந்த சக்கர நாற்காலியின் எண்ணையும் விடவில்லை. கார் திருட்டுக்கும் சக்கர நாற்காலிக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி பிறகு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி பிரென்னனையும் உறுத்தியது.

1987-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்று போலீஸ் பக்கம் நின்றது. கடும் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் தொழிலுக்கு வாரண்ட் தேவையில்லை. அரசுக்கு வலுவான காரணம் இருக்க வேண்டும், சோதனை அந்தக் கட்டுப்பாட்டுக்கு அவசியமாக இருக்க வேண்டும், நேரம், இடம், எல்லை மூன்றையும் சட்டமே வரையறுக்க வேண்டும் என்றது. 2015-ல் லாஸ் ஏஞ்சலஸ் விடுதிப் பதிவேட்டு வழக்கில் (பட்டேல்) அந்த வகைத் தொழில்கள் நான்குதான் என்று சுருக்கியபோதும், மது, துப்பாக்கி, சுரங்கத்தோடு காயலான் கடையும் பட்டியலில் இருந்தது. ஆகவே நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தத்தை மட்டும் நம்பிப் போகும் மனு தோற்கும்.

வழி மாநில அரசியலமைப்பில் இருக்கிறது. அதே 415-அ சோதனை 1992-ல் கேட்டா வழக்கில் நியூயார்க்கின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு மறுபடி வந்தது. எந்தச் சந்தேகமும் இல்லாமல், குற்றச் சான்று தேடுவதற்காகவே எந்தக் கடைக்குள்ளும் போக அனுமதிப்பது மாநில அரசியலமைப்பின் முதல் பகுதி, 12-ஆம் பிரிவுக்கு எதிரானது என்றது அது. மனுவில் இந்தப் பிரிவைத் தனித் தலைப்பில் எழுதுங்கள். “மாநில, கூட்டாட்சி அரசியலமைப்புகளின்படி” என்று ஒரே வரியில் போட்டுவிட்டு நகர்ந்தால், மேல்முறையீட்டில் அந்த வாதம் எழுப்பப்படவில்லை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

சோதனையில் கிடைத்த சாட்சியத்தை விலக்கக் கோரும் மனுவுக்குப் பொதுவான கெடு குற்றப்பத்திரிகை வாசிக்கப்பட்டதிலிருந்து 45 நாள். கடையில் கட்சிக்காரருக்கு என்ன உரிமை என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். குத்தகைப் பத்திரம் போதும், வெறும் “என் கடை” போதாது. சட்டமே செல்லாது என்றும் கேட்கும்போது மாநில அட்டர்னி ஜெனரலுக்கு (அரசின் தலைமை வழக்கறிஞர்) அறிவிப்பு போயிருக்க வேண்டும். இதை மறப்பவர்கள் பலர். அறிவிப்பு இல்லையென்றால் நீதிமன்றம் அந்தக் கேள்வியைத் தொடாது.

விசாரணையில் போலீசாரிடம் கேட்க வேண்டியது: இந்தக் கடையை யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? முதலில் பதிவேட்டைக் கேட்டார்களா, நேரே வண்டிகளிடம் போனார்களா? கடை நேரம்தானா? பூட்டிய பெட்டியைத் திறந்தார்களா? பர்கர் வழக்கில் அந்தப் போலீஸ் பிரிவினர் நாளுக்கு 5 முதல் 10 கடைகள் வரை சோதித்ததாகச் சாட்சியம் வந்தது. ஆனால் அந்தக் கடையை ஏன் எடுத்தார்கள் என்பதற்குப் பதிவில் விளக்கம் இல்லை. இந்த இடைவெளியை நோண்டாமல் விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, கட்சிக்காரர் “பாத்துக்கோங்க” என்று சொல்லியிருந்தால் அரசுத் தரப்பு அதைச் சம்மதம் என்று வாதிடும். அவர் அன்று சொன்ன வார்த்தைகளை முதல் சந்திப்பிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பதிவேடு வைக்காததே குற்றம் என்னும் வழக்கில் வாதம் வேறு. இல்லினாய் உச்ச நீதிமன்றம் 2000-ல் ரைட் வழக்கில் அப்படியொரு பிரிவை ரத்து செய்தது. சட்டத்தின் நோக்கம் திருட்டு வண்டி கைமாறுவதைத் தடுப்பது. ஆனால் கெட்ட எண்ணம் எதுவுமே இல்லாமல் பதிவு எழுதாமல் விட்டவரையும் அது பெருங்குற்றவாளி ஆக்கிவிட்டது. இதை எல்லா மாநிலத்திலும் எடுத்துக்கொண்டு போக முடியாது. சில நீதிமன்றங்கள் பிரிவை ரத்து செய்யாமல் “குற்ற எண்ணம் தேவை” என்று அதில் வாசித்துச் சேர்த்துக் காப்பாற்றிவிடும். அதுவும் வெற்றிதான், அரசு அந்த எண்ணத்தை நிரூபித்தாக வேண்டுமே.

மனு தள்ளுபடியானதும் தண்டனையைக் குறைக்க அரசுத் தரப்போடு பேரத்துக்கு இறங்கிக் குற்றத்தை ஒப்புக்கொள்பவர்கள் உண்டு. நியூயார்க்கில் விலக்கு மனு தோற்றபின் ஒப்புக்கொண்டாலும் அந்த உத்தரவை மேல்முறையீடு செய்யலாம், ஆனால் பேரத்தின் பெயரில் மேல்முறையீட்டு உரிமையைக் கைவிடும் தாளையும் சேர்த்து நீட்டுவார்கள், கையெழுத்துக்கு முன் அதைப் படியுங்கள். மனு வென்றாலும் பாகங்கள் திரும்பி வரும் என்று கட்சிக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தால் அது உண்மையான சொந்தக்காரருக்குத்தான் போகும்.