ஒரு கோல் கூடுதலாக அடித்தும் தோற்றோம்

ஆஸ்திரேலிய கால்பந்து லீக்கின் (ஏ.எஃப்.எல்.) 2023 கிராண்ட் ஃபைனல், அதாவது இறுதிப்போட்டி, ஸ்கோரை இன்னொரு முறை பாருங்கள். காலிங்வுட் 12.18 (90), நம்ம பிரிஸ்பேன் லயன்ஸ் 13.8 (86). முதல் எண் கோல், தலைக்கு 6 புள்ளி. அடுத்தது பிஹைண்ட், அதாவது நடுக் கம்பங்களுக்குள் போகாமல் பக்கக் கம்பத்துக்கு உள்ளே போகும் பந்து, தலைக்கு 1. கோலில் ஒன்று முன்னால் நின்றும், பிஹைண்டில் பத்து பின்தங்கியதால் 4 புள்ளியில் போய்விட்டது.

கடைசி நேரத்தில் காலிங்வுட் வீரர் சைட்பாட்டம் ஐம்பது மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து அடித்த கோல் இன்னும் வலிக்கிறது. ஆனால் நான் குறை சொல்வது அந்த ஒரு உதையை அல்ல. அவர்கள் 30 முறை ஸ்கோர் செய்தார்கள், நாம் 21 முறைதான்.

கோல் விழுந்தால் பந்து நடுவட்டத்துக்குப் போகும். இரு அணிக்கும் சம வாய்ப்பு. பிஹைண்ட் என்றால் தடுப்பு அணி கோல் சதுரத்திலிருந்து உதைக்க வேண்டும். அதற்குள் எதிரணி மைதானத்தை அடைத்து நின்றுவிடும். வழி தெரியாமல் ஓரமாக நீளமாக உதைத்தால், பந்து பெரும்பாலும் கூட்டத்தில்தான் விழும். அங்கே தவறவிட்டால் உடனே திரும்பி வரும். பதினெட்டு பிஹைண்டில் அந்த அழுத்தம்தான் தெரிகிறது. அவர்களின் குறி தவறியதால்தான் கடைசிவரை ஆட்டத்தில் இருந்தோம்.