கட்டி முடியாத கப்பலில்: பழைய நோட்டிலிருந்து

(கொச்சியில் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தபோது, அதன் இன்ஜின் பகுதியில் கடற்படை ஆளாக இருந்தேன். கப்பலில் ஸ்மார்ட்போனுக்குத் தடை. அதனால் அப்போது நோட்டில் எழுதியது. ஓய்வுபெற்ற பிறகு இப்போதுதான் தட்டச்சு செய்து போடுகிறேன்.)

நவம்பர் 30, 2020, கொச்சி

பேசின் ட்ரையல். கப்பல் எங்கும் போகவில்லை. ஷிப்யார்டு கரையோடு கயிறு போட்டுக் கட்டியபடியே இன்ஜினை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஓட்டுவது யார்டு ஆட்கள். கடற்படைக்காரர்கள் பின்னால் நின்று கேஜைப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், குறித்துக்கொள்ளலாம். ஒரு வால்வைக்கூடத் திருகக் கூடாது. கடற்படைக்கு டெலிவரி ஆகும்வரை கப்பல் யார்டுடையது.

நான்கு எல்எம்2500 கேஸ் டர்பைன், மொத்தம் 88 மெகாவாட். இந்த டர்பைன் ரிவர்ஸில் சுற்றாது. கப்பல் பின்னால் போக வேண்டுமென்றால் புரொப்பெல்லர் இலைகளின் கோணத்தைத் திருப்ப வேண்டும். வகுப்பில் ஆயிரம் முறை கேட்டதுதான். இன்று கண்ணெதிரே ஷாஃப்ட் சுற்றுவதைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

பிப்ரவரி 17, 2021

காலை முழுக்க லைன் ட்ரேஸிங். டிராயிங்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு எரிபொருள் பைப்பை டேங்கிலிருந்து பம்பு வரை கண்ணால் பின்தொடர வேண்டும். கேட்க எளிது. இந்தக் கப்பலில் 2,300 கம்பார்ட்மெண்டுகள் (அறைகள்). ஃப்ளோர் பிளேட்டுக்குக் கீழே டார்ச்சோடு குப்புறப் படுத்து, நகர்ந்து நகர்ந்து போனேன். டிராயிங்படி தடுப்புச் சுவருக்கு இடதுபக்கம் இருக்க வேண்டிய வால்வைக் காணோம். மேலே வெல்டிங் செய்துகொண்டிருந்த திருநெல்வேலி அண்ணன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சொன்னார்: “தம்பி, அங்க கேபிள் ட்ரே வந்துட்டுல்லா. வால்வ அந்தப் பக்கம் மாத்தியாச்சு.” கேபிள் கட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினேன். இருந்தது. சாக்பீஸால் அம்புக்குறி போட்டேன்.

நாளைக்குக் கரண்ட் போய், புகை சூழ்ந்த நேரத்தில் இதே வால்வை இருட்டில் மூட வேண்டியிருக்கும். கட்டும்போதே எங்களைக் கொண்டுவந்து போடுவது அதற்குத்தான். மேலதிகாரிகள் ஆயிரம் காரணம் சொல்வார்கள், எனக்கு இந்த ஒன்று போதும்.

மே 20, 2021

ஊரடங்கு. யார்டில் ஆள் குறைவு. அம்மா போனில்: “கப்பல்ல வேலைங்கிற. தெனமும் சாயங்காலம் ரூமுக்கு வந்துடுற. அது என்ன கப்பல்டா?” கீல் (கப்பலின் அடித்தண்டு) போட்டது 2009-இல், தண்ணீரில் இறக்கியது 2013-இல் என்று சொன்னால் இன்னும் கவலைப்படுவார். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, 2021

முதல் கடல் ட்ரையலுக்குக் கிளம்பிவிட்டது! டக் படகுகள் இழுத்துக்கொண்டு போனபோது கரையெல்லாம் கூட்டமாம். நான் கீழே இருந்தேன், ஒன்றும் தெரியாது. இதே பெயருள்ள பழைய விக்ராந்த் கப்பல் 1971 போரில் பங்கேற்ற 50-ஆவது ஆண்டு என்று மைக்கில் அறிவித்தார்கள். யார்டு சேட்டன்மார் (மலையாள அண்ணன்கள்) கண்ட்ரோல் பேனலில் இருக்கிறார்கள், நாங்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறோம். கடலுக்குப் போன பிறகும் அதே கதைதான். ஆனால் ஒரு வித்தியாசம். சத்தம் மாறும்போது அவர்கள் இப்போது எங்கள் முகத்தையும் பார்க்கிறார்கள்.

ஆகஸ்ட் 8, 2021

திரும்பிவிட்டோம். குறைகளின் பட்டியல் என் கையைவிட நீளம். நல்ல விஷயம்தான், இங்கேயே தெரிந்துவிட்டது.

ஜூலை 28, 2022

டெலிவரி. மேலே கையெழுத்து, போட்டோ. கீழே யார்டு ஃபோர்மேன் சேட்டன் கைலேஞ்சியால் கேஜ் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, “இனி நிங்ஙள் நோக்கிக்கோ” (இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்) என்றார். முதல் முறையாக யாரையும் கேட்காமல் ஒரு வால்வைத் திருகினேன். தேவையே இல்லை, சும்மாதான். அப்புறம் பழையபடி மூடிவிட்டேன்.

செப்டம்பர் 2, 2022

கமிஷனிங், அதாவது கடற்படையில் முறைப்படி சேர்க்கும் விழா. இன்று முதல் பெயருக்கு முன்னால் ஐஎன்எஸ் (இந்தியக் கடற்படைக் கப்பல்). வெயிலில் வெள்ளை யூனிஃபார்மில் நெடுநேரம் நின்றோம். பிரிட்டிஷ் கால அடையாளமான செயின்ட் ஜார்ஜ் சிலுவை இல்லாத புதுக் கடற்படைக் கொடியையும் பிரதமர் இங்கேதான் வெளியிட்டார். இந்தக் கப்பலின் கேபிள்களை நீட்டினால் கொச்சியிலிருந்து காசிவரை போகும் என்றார். அதில் பாதித் தூரத்துக்காவது என் தலை இடித்திருக்கும்.

விழா முடிந்ததும் சாப்பாட்டுக்குப் பெரிய வரிசை. எனக்கு நாலு மணிக்கு வாட்ச் டூட்டி இருந்தது, பாதியிலேயே கீழே ஓடினேன்.