பத்தாவது கணக்கில் ஃபெயிலா? ஜூலை வரைக்கும் வேலைக்குப் போய்விடாதீர்கள்

ரிசல்ட்டில் கணக்குக்கு நேராக 35-க்குக் கீழே ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் பயமெல்லாம் இனி வருகிற இரண்டு மாதத்தைப் பற்றித்தான். எங்கள் குடியாத்தம் பக்கம் நிறையப் பார்த்துவிட்டேன். "சும்மாதானே இருக்கான், ரெண்டு மாசம் போய்ட்டு வரட்டும்" என்று ஆம்பூர் ஷூ கம்பெனிப் பக்கம் அனுப்பிவிடுவார்கள், பெண் பிள்ளை என்றால் மடியில் பீடி முறம் வந்துவிடும், இல்லை வரன் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். கையில் சம்பளம் வந்த பிறகு புத்தகத்தைத் தொடுவது ரொம்பக் கஷ்டம். அந்த வேலைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் பீடிக் காசில்தான் அடுப்பு எரிந்தது. ஃபெயிலானவர்களுக்கு ஜூலையில் வைக்கிற துணைத்தேர்வை எழுதிவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நானும் கணக்கில் ஃபெயிலாகி, துணைத்தேர்வில் பாஸானவன். அந்த வருஷம் ரிசல்ட்டும் எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவும் அடுத்தடுத்து வந்தன. திருவிழா நாளான வைகாசி முதல் தேதி வீடு நிறைய சொந்தக்காரர்கள், யார் வந்தாலும் முதல் கேள்வி மார்க்தான். நான் மாடியை விட்டு இறங்கவே இல்லை. சித்தி மட்டும் தட்டில் சோறு போட்டு எடுத்து வந்து, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஃபெயிலான பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் போகிறவர்கள் அப்படி இருந்தால் போதும். உங்களுக்கு அப்படி யாரும் இல்லை, தப்பான யோசனையெல்லாம் வருகிறது என்றால் 104 அல்லது 14416-க்கு உடனே போன் செய்யுங்கள், காசு கிடையாது, பேசுவதற்கென்றே ஆள் இருக்கிறார்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். முதல் வேலை, படித்த பள்ளிக்கே போய் துணைத்தேர்வுக்கு விண்ணப்பிப்பது. அதற்குத் தருகிற நாட்கள் கொஞ்சம்தான், வெட்கப்பட்டுக்கொண்டு போகாமலே தவறவிட்டவர்கள் உண்டு. வாத்தியார் யாராவது திட்டினால் கேட்டுக்கொண்டு, வேலையை முடித்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் வினாத்தாள். ஒரு மார்க் கேள்வி 14, இரண்டு மார்க்கில் 10 எழுத வேண்டும், ஐந்து மார்க்கிலும் 10, கடைசியில் எட்டு மார்க் இரண்டு, ஒன்று வடிவியல், இன்னொன்று வரைபடம். கணக்கே வராது என்கிற பிள்ளைகள் பலர் இந்தக் கடைசி இரண்டைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் தாங்கவில்லை, ஏனென்றால் மொத்தம் 100 மார்க்கில் 16 அங்கே இருக்கிறது, அதுவும் கை பழகினால் வந்துவிடுகிற 16. வடிவொத்த முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு, இருபடிச் சமன்பாட்டின் வரைபடம், தினமும் ஒன்றாவது காம்பஸும் ஸ்கேலும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். நோட்ஸைப் பார்த்து 'புரிகிறது' என்று மூடி வைத்தால் தேர்வில் கை ஓடாது. ஒரு மார்க்குக்குப் பாட முடிவில் இருக்கிற பலவுள் தெரிவு வினாக்கள், விடை எப்படி வந்தது என்பதோடு. இந்த இரண்டு பகுதியும் சேர்ந்தாலே 30 மார்க். எல்லாம் அப்படியே கிடைத்துவிடாதுதான், அதனால் உறவுகளும் சார்புகளும், அணிகள், கூட்டுத் தொடர்வரிசை மூன்றையும் பிடித்துக்கொள்ளுங்கள். வேலூர் மே மாத வெயிலில் மத்தியானம் உட்கார்ந்தால் மண்டையில் ஒன்றும் ஏறாது, விடியற்காலையில் படியுங்கள்.

ஜூலையில் பாஸானால் அதே வருஷம் பதினொன்றாவதில் சேரலாம், வருஷம் போகாது. ஜூலையிலும் வராவிட்டால் அடுத்த மார்ச்சில் கணக்கை மட்டும் எழுதினால் போதும், பாஸான பாடங்கள் அப்படியே இருக்கும். நடுவில் சும்மா இருக்க முடியாத வீடு என்றால் அரசு ஐடிஐ-யில் விசாரியுங்கள், வெல்டர், வயர்மேன் மாதிரி சில பிரிவுகளுக்கு எட்டாவது பாஸே போதும், அதில் சேர்ந்துகொண்டே கணக்கையும் எழுதி முடித்துவிடலாம்.